வாவியின் சேற்றுக்குப் பொறுப்பாளி யார்?

நீரின் தெளிவைக் கண்டு வாவி நலமாயிருக்கிறதென்று சொல்வது, முகத்தைக் கண்டு நோயில்லை என்று சொல்வதை ஒக்கும். மட்டக்களப்பு வாவியின் உண்மை நிலையை அறிய வேண்டுமாயின், அதன் அடியிற் படிந்துள்ள சேற்றை எடுத்து அளந்து பார்த்தல் வேண்டும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் பொதுச் சொத்து. வயல்களின் வடிநீரும் நகரங்களின் கழிவுநீரும் இதிலேயே வந்து சேர்கின்றன. பழைய பற்றரி, சாயம், வாகன எண்ணெய்க் கழிவு ஆகியவற்றிலிருந்து ஈயம், செம்பு, நாகம் போன்ற உலோகங்களும், பொசுபேற்றுப் பசளையிலிருந்து கட்மியமும் சிறிது சிறிதாக வரக்கூடும். இவை உக்கி அழிவன அல்ல. நுண்ணிய களிமண்ணைப் பற்றிக்கொண்டு அடியிற் படிவன. மாரி வெள்ளம் சேற்றைக் கலக்கும்போதும், முகத்துவாரத்தால் உப்புநீர் புகும்போதும், ஒரு பகுதி மீண்டும் நீரிற் கலக்கும். சேற்றில் வாழும் மட்டியும் நண்டும் அவற்றை உட்கொள்ளும். அவற்றை உண்பவர் நாமும் நம் பிள்ளைகளுமன்றோ?

சட்டம் என்ன செய்கிறது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், தொழிற்சாலைக் கழிவுநீருக்கு அளவு விதிக்கப்படுகிறது. குழாயின் வாயில் ஒவ்வொரு லீற்றரும் விதிக்கு அமைந்திருக்கலாம். இருபது ஆண்டுகளாக ஒழுகியது அடியிற் சேர்ந்து எவ்வளவாயிற்று? சிறு துளி பெரு வெள்ளம் என்பது நஞ்சுக்கும் பொருந்தும்.

இதனால் உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோமென்று எவரும் எண்ணற்க. பசளைப் பையினுள் கட்மியம் எவ்வளவென்று அவன் அறியான். அறிந்து தடுக்க வேண்டியவர்கள், அதை இறக்குமதி செய்வோரும் அனுமதிப்போருமே.

தாமதத்தின் விலையை யப்பான் கண்டது. மினமாட்டாவில் இரசக் கழிவால் வந்த நோய் 1956இல் வெளிப்பட்டது. தொழிற்சாலையே காரணமென அரசு ஒப்பியது 1968இல். குடாவின் அடியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கன மீற்றர் சேற்றை அகற்றும் வேலை 1977 முதல் 1990 வரை நீண்டது. நம் வாவியும் அவ்வாறாயிற்றென நாம் கூறவில்லை. ஆகவில்லை என்பதற்குச் சான்று வேண்டும் என்கிறோம். பல்கலைக்கழக ஆய்வுகள் நன்றே. ஆயினும் அவை ஆண்டுதோறும் அளக்கும் கடமைக்கு ஈடாகா.

சுன்னாகத்தில் எண்ணெய் கலந்து கிணறுகள் கெட்ட வழக்கில், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பே. ஆயினும் கிணறு கெட்டபின் வந்த நீதி அது.

முன்கூட்டிக் காக்கும் வழியும் உண்டு. பாராளுமன்றச் சட்டம் இடமளிக்கும் அளவுக்குச் சுற்றாடற் பாதுகாப்பு, 13ஆம் திருத்தத்தின்படி மாகாண சபை நிரலிலும் இருக்கிறது. வடமேல் மாகாணம் 1990இலேயே 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தால் தனக்கென ஓர் அதிகாரசபையை அமைத்துக்கொண்டது. கிழக்கு ஏன் செய்யவில்லை? 2017இல் சபையின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தாத கொழும்பு பாதிப் பொறுப்பு. சபை இருந்த காலத்தில் இதனைச் செய்யாத நம் பிரதிநிதிகள் மறுபாதிப் பொறுப்பு.

குறித்த இடங்களில் ஆண்டுதோறும் சேற்றை அளக்க வேண்டும். அளவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். வரம்பு மீறின் கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், இம்மூன்றுக்கும் விடை பெறாமல் அவரை வாசலைவிட்டு அனுப்பாதீர்கள்.