கேட்டுக்கு வெளியே இருக்கும் ஊர்

சர்வதேசப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் தங்கள் பள்ளியை அறிமுகப்படுத்தி எழுதும் கட்டுரைகளில் ஊர்ப் பெயரை மட்டும் மறைத்துவிட்டால், அது துபாயா, ஜகார்த்தாவா, நைரோபியா என்று கண்டுபிடிக்க முடியாது. இத்தனை நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறோம், இத்தனை மொழி பேசுகிறோம், நீச்சல்குளம் உண்டு, நாடக அரங்கு உண்டு, வருஷத்தில் ஒருநாள் அவரவர் நாட்டு உடையில் வந்து அவரவர் நாட்டுப் பலகாரத்தைப் பங்குபோட்டுச் சாப்பிடுவோம். கடைசியில் இரண்டு வரி: எங்கள் நகரத்தில் அழகான கடற்கரை இருக்கிறது, மக்கள் அன்பானவர்கள்.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் அனுப்பிய கட்டுரையும் இப்படித்தான் இருந்தது. வேறொரு நாட்டுப் பள்ளிக்கு அனுப்புவதற்காக வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து எழுதியது. “படிச்சுப் பாத்துட்டு எது நல்லா இல்லையோ சொல்லுங்க சித்தி” என்றாள். படித்தேன். எழுத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் அவளும் இல்லை, அவள் இருக்கும் ஊரும் இல்லை.

இத்தனைக்கும் போனில் பேசும்போது அவள் சொல்வதெல்லாம் வேறு. அவர்கள் வீடு ஆய்ஸ்டர் பே பக்கம். அங்கே கடல் காலையில் ஒரு இடத்தில் இருக்கும், மத்தியானம் வேறொரு இடத்தில் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் கரை அது. நீர் வடிந்ததும் பெண்கள் வாளியோடு வெகுதூரம் நடந்துபோய்ப் பாறை இடுக்குகளில் சிப்பியும் ஆக்டோபஸும் தேடுவார்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று ‘கஸ்காசி’, அதற்குப் பிறகு தெற்கிலிருந்து வருவது ‘கூசி’. இந்த இரண்டையும் நம்பித்தான் பல நூற்றாண்டுகளாக அரபுக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரங்கள் இந்தக் கரைக்கு வந்து திரும்பின. இதை அவளுக்கு முதலில் சொன்னது பாடப்புத்தகம் இல்லை. தெருமுனையில் தள்ளுவண்டியில் ‘மடாஃபு’, அதாவது நம் இளநீர், விற்பவர். காற்று மாறினால் வியாபாரம் மாறும் என்பதால் அவருக்கு அது மனப்பாடம்.

துறைமுக வாயிலை ஒட்டி கிவுகோனி மீன் சந்தை இருக்கிறது. விடியற்காலையில் ஏலம். அத்தான் சனிக்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு போவார். நம் வஞ்சிரத்தை அங்கே ‘ங்குரு’ என்கிறார்கள். எந்தக் குவியலுக்கு எவ்வளவு வரை கேட்கலாம் என்று அவளுக்கு இப்போது அத்தானைவிட நன்றாகத் தெரியும். சந்தைக்குப் பக்கத்திலேயே கிகம்போனிக்குப் போகும் படகுத்துறை. சில நிமிஷப் பயணம்தான். ஆனால் லாரி, கார், கோழிக்கூடை, சைக்கிள், அலுவலகம் போகிறவர்கள் எல்லாரும் ஒரே தட்டில் ஏறுவார்கள். 2016-ல் 680 மீட்டர் நீளப் பாலம் ஒன்று திறந்தார்கள். இருந்தும் படகில் கூட்டம் ஓயவில்லை. பாலம் சுற்று வழி. நடந்து வருகிறவர்களுக்குப் படகுதான் வசதி.

இதெல்லாம் ஏன் கட்டுரையில் இல்லை என்று கேட்டேன். “இதையெல்லாம் யாரு சித்தி கேக்கப் போறாங்க? இது சும்மா நாங்க இருக்குறதுதானே” என்றாள்.

பதின்மூன்று வயதுப் பெண் தனக்குத் தெரிந்ததை எழுதத் தகுதியில்லாதது என்று நினைக்கிறாள். தெரியாததை, யாரோ அச்சடித்த வரவேற்புப் புத்தகத்தில் பார்த்ததை, எழுதத் தகுதியானது என்று நம்புகிறாள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கவலை.

அதற்கு ஊரின் கதையைப் பார்க்க வேண்டும். தார் எஸ் சலாம் புதிய நகரம். முஸிஸிமா என்ற மீனவ ஊருக்குப் பக்கத்தில் ஸான்ஸிபார் சுல்தான் மஜீத் 1860-களில் கட்ட ஆரம்பித்தார். அவர் 1870-ல் இறந்ததும் வேலை அப்படியே நின்றது. பிறகு ஜெர்மானியர்கள் வந்து, 1891-ல் தங்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் குடியேற்றத்தின் தலைநகராக்கினார்கள். முதல் உலகப் போரோடு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அவர்கள் காலத்தில் பள்ளிகள் தோல் நிறத்தின்படி பிரிந்திருந்தன: வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று, இந்தியப் பிள்ளைகளுக்கு ஒன்று, ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஒன்று. செலவும் அந்த வரிசையில்தான். 1961 டிசம்பர் 9-ல் சுதந்திரம் வந்த பிறகு அந்தப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தது. முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேவே வாத்தியார். நகரத்தை ஒட்டிய புகு என்ற இடத்தில் பள்ளியில் பாடம் நடத்தியவர். நாடு முழுக்க அவரை ‘ம்வாலிமு’, ஆசிரியர், என்றே அழைத்தது. பதவியில் இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை சுவாஹிலியில் மொழிபெயர்த்து 1963-ல் வெளியிட்டார்.

அதே 1963-ல்தான் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் டாங்கனிகா தொடங்கியது. மறு வருஷம் டாங்கனிகா ஸான்ஸிபாரோடு இணைந்து தான்சானியா என்று பெயர் மாறியது. பள்ளி பழைய பெயரையே வைத்துக்கொண்டது. பிறகு இன்னும் பல சர்வதேசப் பள்ளிகள் வந்தன. தூதரகங்களும் ஐ.நா. அலுவலகங்களும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இருக்கும் ஊரில் அவை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறத்தால் போட்ட கோடு போனபின் கட்டணத்தால் ஒரு கோடு விழுந்தது. அரசு ஆரம்பப் பள்ளிகளில் சுவாஹிலியில் படிப்பு. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் திடீரென்று ஆங்கிலம். அந்தத் தாவலில் எத்தனையோ பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். சர்வதேசப் பள்ளியில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலம். ஒரே தெருவில் காலையில் கிளம்பும் இரண்டு பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் வளரலாம்.

அவர்கள் எப்படிக் கிளம்புகிறார்கள் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகளைப் பள்ளி வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. அவள் வகுப்பில் தான்சானியப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பெரியப்பா மகன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். வெள்ளைச் சட்டை, கருநீலக் கால்சட்டை. அவன் போவது டாலாடாலா என்கிற மினி பஸ்ஸில். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. அதனாலேயே ‘கொண்டா’, நடத்துநர், மாணவர்களை ஏற்ற மாட்டார். பெரியவர்கள் ஏறி நிறைந்தபின் இடமிருந்தால் ஒன்றிரண்டு பேர். மற்றவர்கள் அடுத்த வண்டிக்கு ஓட வேண்டும். பள்ளிச் சீருடையைப் பார்த்ததும் நிற்காமல் போகும் பஸ் நம் ஊரிலும் உண்டு என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. 2016-ல் கிமாராவிலிருந்து கிவுகோனி வரை தனிப்பாதையில் ஓடும் பெரிய பேருந்துகள் வந்தன; ‘ம்வெண்டோகாசி’ என்கிறார்கள். அந்தத் தடத்தில் இருக்கிறவர்களுக்கு நிம்மதி. ஐம்பது லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் உள்ள நகரத்தில் எல்லார் வீடும் அந்தத் தடத்தில் இல்லை.

இந்தப் பையனின் காலை நேரம் கட்டுரையில் வர வேண்டும் என்று சொன்னேன். பரிதாபத்துக்காக இல்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போவது என்றால் என்ன என்ற கேள்விக்கு அவன்தான் பெரும்பாலான பிள்ளைகளின் பதில். நீச்சல்குளம் சிலருடைய பதில்.

இந்த இடத்தில் எனக்குள்ளேயே ஒரு எதிர்வாதம் எழுந்தது, அதில் நியாயமும் இருக்கிறது. அவள் குழுவில் இன்னொரு பெண்ணின் அப்பா தூதரக அதிகாரி. பிறந்தது ஒரு நாடு, நடை பழகியது ஒரு நாடு, மூன்றாவதோ நான்காவதோ இது. ஜூன் மாதம் பள்ளி முடியும்போது அவள் போய்விடுவாள். ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பில் பாதிப் பேர் அழுவார்களாம். இப்படி வளரும் பிள்ளைக்குப் பள்ளிதான் சொந்த ஊர். ஊருக்கு ஊர் மாறாத ஒரே இடம் அதுதான்: அதே பாடத்திட்டம், அதே மாதிரி நூலகம், தன்னைப் போலவே பெட்டி கட்டிப் பழகிய நண்பர்கள். அவள் நீச்சல்குளத்தைப் பற்றி எழுதும்போது தன் வீட்டு முற்றத்தைப் பற்றித்தான் எழுதுகிறாள். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனசில்லை. அந்தப் பத்தியை எடுக்க வேண்டாம் என்றே சொன்னேன். இந்தப் பள்ளி ஏன் உனக்கு வீடு மாதிரி இருக்கிறது என்று அதில் சேர்த்து எழுதச் சொல் என்றேன். எழுதியிருக்கிறாள். இரண்டாவது வடிவத்தில் மிக நல்ல பகுதி அதுதான்.

அந்த இரண்டாவது வடிவத்தில் வேறு சிலவும் வந்துவிட்டன. பள்ளி ஏழரைக்குத் தொடங்குகிறது; சுவாஹிலிக் கணக்கில் அது ஒன்றரை மணி, ஏனென்றால் அங்கே சூரியன் உதித்ததிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நாழிகைக் கணக்கு வைத்திருந்த நம் பாட்டன்மாருக்கு இது விளங்கியிருக்கும். கரியாகோ சந்தையைப் பற்றி ஒரு பையன் எழுதியிருக்கிறான். தான்சானியக் கட்டடக் கலைஞர் பேடா அமுலி 1970-களில் வடிவமைத்தது அது. தலைகீழாகப் பிடித்த குடைகள் போல விரியும் கான்கிரீட் கூரை. 2021 ஜூலையில் தீப்பிடித்தபோது அவன் குடும்பத்துக்குத் தெரிந்த கடைக்காரர் சரக்கை இழந்தார். தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மண்டை ஓட்டைப் பற்றி ஒரு பத்தி: 1959-ல் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்தது, பதினேழு லட்சம் வருஷத்துக்கு மேல் பழையது. மனித இனத்தின் அத்தனை பழைய உறவினர் தங்கள் ஊரில் இருக்கிறார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் பெருமை. கோகோ பீச்சில் மிளகாய்த்தூள் தூவித் தரும் மரவள்ளிக்கிழங்கு வறுவலும் ஒரு வரியில் வருகிறது. அதற்கு ஒரு வரி போதாது என்பது என் கட்சி.

ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்ததும் ஏழ்மையைப் படம்பிடிக்கும் ஆசை வருகிறது. பேருந்தில் இடம் கிடைக்காத பையன் “சிரித்த முகத்தோடு” நிற்கிறான் என்று எழுதியிருந்தார்கள். அவன் சிரித்தானா என்று அந்தத் தான்சானியப் பெண்ணிடம் கேட்கச் சொன்னேன். அவன் கோபமாக இருந்தான் என்றாள். முதல் மணிக்குப் போகாவிட்டால் வெளியே நிற்க வேண்டும், அவனுக்கு ஏன் சிரிப்பு வரப் போகிறது? அடுத்தவர் வாழ்க்கையை எழுதினால் எழுதியதை அவரிடம் காட்ட வேண்டும். பத்திரிகைக்காரர்கள் பலருக்கே இந்தப் பழக்கம் இல்லை. பிள்ளைகள் இப்போதே பழகட்டும்.

அப்படிக் காட்டப் போனதில்தான் வேலை கூடிவிட்டது. பள்ளி கேட்டில் நிற்கும் ‘அஸ்காரி’, காவலர், கட்டுரையில் வருகிறார். பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகாமூ’ என்று சொல்ல வேண்டும், அவர்கள் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார்கள் என்று புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித் தருபவர் அவர்தான். அவரைப் பற்றிய பகுதியைக் காட்டினார்கள். மொத்தத்தையும் படிக்க வேண்டும், ஆனால் ஆங்கிலத்தில் இவ்வளவு நீளம் படிக்க வராது என்றார். பேருந்துப் பையனும் சுவாஹிலியில்தான் கேட்டான். ஆகவே இப்போது சுவாஹிலி வடிவம் தயாராகிறது. இதுவரை குழுவில் அதிகம் பேசாத அந்தத் தான்சானியப் பெண்தான் தலைமை. மற்றவர்கள் எழுதுவதை அவள் திருத்துகிறாள். ஆசிரியர் அனுப்பும் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார். படகுத்துறையும் பேருந்தும் முடிந்தாயிற்று. மார்ச்சிலிருந்து மே வரை கொட்டும் ‘மசிகா’ மழையைப் பற்றியும், ம்சிம்பாசி ஆறு பெருகி ஜங்வானி பேருந்துப் பணிமனை திரும்பத் திரும்ப மூழ்கியதைப் பற்றியும் எழுதியது பாக்கி இருக்கிறது.