வடிவும் வருவாயும்

அழகு வேறு, ஆதாயம் வேறு எனக் கொள்ளுதல் தொழில் நிலையங்களை நடத்துவோரிடை வேரூன்றிய எண்ணமாகும். வடிவமைப்பென்பது பணி முடிந்தபின் பூசப்படும் வண்ணமே என்பது அவர்தம் கருத்து. அது பிழையென்பது எமது துணிபு. அதனை அவர்க்கு உணர்த்தும் வழி யாது?

இலண்டன் மாநகர நிலக்கீழ் இரயிற் பாதையின் வரலாற்றில் இதற்கு நல்லதொரு சான்றுண்டு. அங்குப் படவரைஞராயிருந்த ஹாரி பெக் என்பார், 1931ஆம் ஆண்டில், தம் ஓய்வுநேரத்திற் புதியதொரு பாதைப்படம் வரைந்தார். முன்னைய படங்கள் பெரும்பாலும் நில அளவைத் தழுவியமையால், நகர்நடுவே நிலையங்கள் நெருங்கி, வாசித்தற்கு அரியனவாயின. பெக் தூர அளவைக் கைவிட்டார். கோடுகளைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் 45 பாகைச் சாய்வாகவும் அமைத்தார். நகர்நடுவை விரித்துக் காட்டினார். பயணிக்கு வேண்டுவது ஏறுமிடமும் மாறுமிடமும் இறங்குமிடமுமே. மேலேயுள்ள தெருக்களின் வளைவன்று.

விளம்பரப் பகுதியார் முதலில் அதனை ஏற்றிலர். வழக்கத்துக்கு மிக மாறானது என்பதே அவர் கண்ட குறை. எனினும் 1932இல் 500 படிகளை மட்டும் அச்சிட்டுச் சில நிலையங்களில் வழங்கினர். பயணிகள் அவற்றை விரும்பி ஏற்றனர். 1933 ஜனவரியில் 700,000 படிகள் வெளிவந்தன. விரைவில் மறுபதிப்பும் வேண்டியதாயிற்று.

முகாமையாளரை இணங்கச் செய்தது பெக்கின் வாதத்திறன் அன்று. படத்தைக் கையிலெடுத்த பயணியே. ஆதலின் வடிவமைப்போர் அழகைப் புகழ்வதை விடுத்துச் சிறு சோதனையொன்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். எத்துணைத் தவறு குறைந்தது, எத்துணை நேரம் மிஞ்சியது என எண்ணிக் காட்டுதல் வேண்டும். வருவோர் கருத்தையெல்லாம் சோதிக்கப் பொருளுண்டோ எனச் சிலர் வினவுவர். சோதனை சிறிதாயின் தோல்வியும் சிறிதே. 500 தாள்களின் செலவு எவ்வளவு? அதனை மறுத்திருப்பின் நேர்ந்திருக்கும் இழப்பு எவ்வளவு?

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று வங்கிகளிலும் திணைக்களங்களிலும் கம்பனிகளிலும் தலைமைப் பதவி வகிக்கின்றனர். அத்தகைய இடங்களிற் படிவமொன்றை நிரப்ப அறியாது, அயலில் நிற்போரின் உதவியை நாடும் முதியோரை நாம் அடிக்கடி காண்கின்றோம். குறை அவரதன்று, படிவத்தினதே. அதனைத் திருத்தியமைத்துத் தாளொன்றுடன் ஓர் இளைஞன் அப்பழைய மாணவரின் வாயிலில் வந்து நிற்றலுங் கூடும். வகுப்பறையிற் புதுவழி கண்டேன் என்ற மாணவனை நாம் அமர்த்திவிடவில்லை. கரும்பலகையிற் செய்துகாட்டுக என்றோம். அவரும் அவ்விளைஞனுக்கு அவ்வாறே கூறுவாராக.