காலையில் மேஸ்திரி, இரவில் வைத்தியர்: எல்லாம் கைப்பேசிதானா?

"மனம் சரியில்லையா? 14416-க்குப் போன் செய்யுங்கள்!" என்கிறது சர்க்கார். 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்ற பெயரில் மத்திய சர்க்கார் இந்தச் சேவையைத் தொடங்கிற்று. அதே எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்று தமிழ்நாடு சர்க்கார் நடத்துகிறது. 2024 அக்டோபரில் கைப்பேசிச் செயலியும் வந்துவிட்டது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நல்லதுதான். நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. 'ஆம்பிளை அழக்கூடாது' என்று வளர்க்கப்பட்டவன், பெண்டாட்டியிடமும் சொல்ல முடியாத பாரத்தோடு நடுநிசியில் உட்கார்ந்திருந்தால், அந்த எண்ணைக் கூப்பிடட்டும். முகத்தைக் காட்டாமல் பேசலாம். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இதுவும் அப்படித்தான். இதில் வெட்கம் ஏது?

ஆனால் நமது கேள்வி வேறு. இத்தனை ஆண்களைத் தனியனாக்கியது யார்?

சர்க்காரின் கணக்கையே பாருங்கள். 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். நாடு முழுவதும் இப்படி மாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிக்காரர்! இது வெறும் மனக்கோளாறா? கூலியும் கடனும் வேலையின் நிச்சயமின்மையும் இதில் இல்லையா?

திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள். பெல் ஆலையின் ஆர்டரை நம்பி வளர்ந்த சிறு பட்டறைகள் பல, 2010-களில் ஆர்டர் குறைந்ததும் முடங்கின. பத்துப் பேரோடு நின்று வெல்டிங் செய்தவன் இன்று தனியாக மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கிறான். பக்கத்தில் தோழன் இல்லை. டீ இடைவேளை இல்லை. சண்டை போட ஒரு மேஸ்திரிகூட இல்லை. எங்கே போக வேண்டும், எவ்வளவு கூலி என்பதைச் செயலி சொல்கிறது. காலையில் அவனைத் தனியனாக்குவதும் செயலி. இரவில் அந்தத் தனிமைக்கு வைத்தியம் பார்ப்பதும் செயலி! எப்படி இருக்கிறது இந்த நியாயம்?

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் வேறொரு தனிமை. பென்ஷன் வாங்கும் பெரியவர், மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். ஞாயிறு தோறும் கைப்பேசியில் பேரன் முகம் தெரிகிறது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் திங்கட்கிழமை காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன ஸ்வாமி, ராத்திரி தூங்கினீரா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

தோழர்களே, நம்மையும் விமர்சித்துக்கொள்வோம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் மூன்று மாதம் கிளைக் கூட்டத்துக்கு வரவில்லை. வாட்ஸப் குழுவில் அவர் பெயர் இருந்தது. நமது சுற்றறிக்கையை அவர் பார்த்துவிட்டதாகக் கைப்பேசி காட்டியது. தோழர் நலம் என்று இருந்துவிட்டோம். வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது: இடுப்பு ஒடிந்து வேலை போய்விட்டது, இரண்டு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. "யாராவது வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், தோழர்" என்றார். நமக்கு நாக்கு எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மாலையில் சங்க ஆபீசில் பத்திரிகை படித்துச் சொல்லும் வேலையைக் கொடுத்தோம். இன்று பேசுகிறார், நம்மோடு சண்டையும் போடுகிறார். மருந்தும் வேண்டியிருந்தது, மனிதரும் வேண்டியிருந்தது.

முதலாளிகளோ தனிமையையும் சரக்காக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 'பெட்டர்ஹெல்ப்' என்ற கம்பெனி, ஆலோசனை கேட்டு வந்தவர்களின் அந்தரங்க விவரங்களை விளம்பரத்துக்காகப் பிற கம்பெனிகளுக்குக் கொடுத்தது என்று அந்த நாட்டு வர்த்தகக் கமிஷனே 2023-ல் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்டச் சொல்லிற்று. கண்ணீரையும் விற்கும் கூட்டம் இது!

நமது சர்க்கார் என்ன செய்கிறது? மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது 1990-களில், நமது திருச்சி மாவட்டத்துக்குத்தான். நோயாளியைத் தேடி வைத்தியம் ஊருக்கு வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் 2015-16-ல் எடுத்த தேசிய மனநல ஆய்வு, நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருப்பதாகச் சொல்லிற்று. சர்க்கார் செலவில் மனநல சிகிச்சை பெறுவது பிரஜையின் உரிமை என்று 2017-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை ஒரு டெலிபோன் எண்ணோடு முடித்துக்கொள்ள நாம் சம்மதிக்க முடியாது.

மாலையில் ஆண்கள் கூட ஓர் இடம் உண்டா? உண்டு, 2003 முதல் சர்க்காரே சில்லறை விற்பனை நடத்தும் டாஸ்மாக்! படிப்பகங்கள் தேய்ந்தன, சாராயம் செழித்தது. ஆஸ்திரேலியாவில் வேலை ஓய்ந்த ஆண்கள் கூடி மரவேலை, இரும்புவேலை செய்ய ஊர்தோறும் பட்டறைகள் வைத்திருக்கிறார்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கிறது. பொன்மலைத் தொழிலாளிக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1946 செப்டம்பர் 5-ல் ஐந்து தோழர்கள் குண்டுக்குப் பலியான சங்கத்திடல், உரிமைக்காகக் கூடிய இடம் மட்டுமல்ல. துக்கத்தையும் பகிர்ந்துகொண்ட இடம்.

நாம் கோருவது இதுதான். 14416 நீடிக்கட்டும்; ஆனால் கூப்பிட்டவனை அவன் ஊரிலேயே நேரில் பார்க்க ஓர் ஆலோசகர் வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு நாள் மனநல வைத்தியம் நடக்க வேண்டும். வார்டுதோறும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் படிப்பகம் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் செயலித் தொழிலாளிக்கும் எட்டு மணி வேலையும் வார விடுமுறையும் வேண்டும். நேரமில்லாதவனுக்கு நண்பன் ஏது? 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே தினத்துக்குள் வாபஸ் ஆயிற்று. போராடினால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கோரிக்கை வெல்லும் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு கூட்டத்துக்கு வராத தோழர் யார் என்று ஒவ்வொரு கிளையும் இன்றே பார்க்கட்டும். செய்தி அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள்!