அபராதமா, அனுமதிக் கட்டணமா?



பேஸ்புக்குக்கு இத்தனை ஆயிரம் கோடி அபராதம், கூகுளுக்கு இத்தனை நூறு கோடி அபராதம் என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. மக்களின் அந்தரங்க விவரங்களை அவர்களுக்குத் தெரியாமல் பயன்படுத்தியதற்காக அரசாங்கங்கள் விதிக்கும் அபராதம் இது. படிக்கிறவர்கள் "சரியான அடி" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். வியாபாரிகளாகிய நாம் அப்படிப் புரட்டிவிடக் கூடாது. ஒரு தொகை பெரிதா சிறிதா என்பதை, அதைக் கட்டுகிறவருடைய பேரேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகெங்கும் பேசப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய குணத்தைக் கணித்துச் சொல்வதாகக் கூறிய கேள்வி பதில் செயலி ஒன்றை பேஸ்புக் மூலமாகச் சுமார் 2,70,000 பேர் பயன்படுத்தினார்கள். அந்தச் செயலி அவர்களுடைய விவரங்களோடு நிற்காமல், அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் சேர்த்து அள்ளியது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த விவரங்கள் தேர்தல் பிரசாரத்துக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. நம் வழக்கில் சொன்னால், நம்பி வைத்துவிட்டுப் போன சரக்கை உடையவரைக் கேட்காமல் மூன்றாம் ஆளுக்குத் தூக்கிக் கொடுத்த காரியம்.

இதற்கு என்ன தண்டனை? 2018 அக்டோபரில் பிரிட்டன் 5 லட்சம் பவுன் அபராதம் போட்டது. அங்கிருந்த பழைய சட்டத்தில் அதற்கு மேல் போட இடமில்லை. அந்த ஆண்டு பேஸ்புக்கின் மொத்த வருமானம் சுமார் 5,580 கோடி டாலர். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 63 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. 5 லட்சம் பவுன் என்பது அவர்களுக்கு ஆறு நிமிட வரவு. கடைப்பையன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அபராதத் தொகை கல்லாவில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019 ஜூலையில் 500 கோடி டாலர் விதித்தது. அந்தரங்கப் பாதுகாப்பு விஷயத்தில் அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. அதுவும் முதல் குற்றத்துக்கு அல்ல. இதே ஆணையம் 2012-இல் போட்ட உத்தரவை மீறியதற்காக. ஆனால் 2018-இல் அந்த நிறுவனத்தின் நிகர லாபம் மட்டும் சுமார் 2,200 கோடி டாலர். ஆக, அபராதம் மூன்று மாத லாபத்துக்கும் குறைவு. ஆணையத்தில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் இது போதாது என்று எதிர்த்து வாக்களித்தார்கள். அபராதத் தொகை பற்றிய செய்தி கசிந்த அன்று பேஸ்புக்கின் பங்கு விலை இறங்கவில்லை, ஏறியது! அபராதம் விழுந்த கடைக்கு மறுநாள் மவுசு கூடினால் அதற்கு என்ன அர்த்தம்? இவ்வளவோடு போயிற்று என்று சந்தை நிம்மதி அடைந்தது என்றுதான் அர்த்தம்.

இதை நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, லேபிள் விவரம் சரியில்லாத உணவுப் பொருளை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வருஷத்துக்கு 60 லட்சம் ரூபாய் விற்பனை உள்ள ஒரு மளிகைக் கடைக்கு நூற்றுக்கு ஐந்து நிகர லாபம் நின்றால், வருஷ லாபமே 3 லட்சம்தான். ஆக, ஒரு தவறுக்கு ஒரு வருஷ உழைப்பு முழுவதும் போய்விடலாம். உணவு விஷயத்தில் கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் சின்னக் கடைக்கு ஒரு வருஷ லாபம், உலகத்தையே வளைத்துப் போட்ட நிறுவனத்துக்கு மூன்று மாத லாபம்கூட இல்லை என்றால், தராசு எந்தப் பக்கம் சாய்கிறது?

ஐரோப்பியர்கள் இதை ஓரளவு புரிந்துகொண்டார்கள். 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டம், உலக அளவிலான ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு நான்கு வரை அபராதம் போட இடம் தருகிறது. எடைக்கல் சரியானது, ஆனால் தராசில் முழுக்கல்லையும் வைக்க மனம் வருவதில்லை. 2023 மே மாதம் அயர்லாந்து, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ விதித்தது. முந்தைய ஆண்டு விற்றுமுதலில் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான். காலதாமதம் வேறு. அமேசானுக்கு லக்ஸம்பர்க் 2021 ஜூலையில் 74 கோடியே 60 லட்சம் யூரோ விதித்தது. அமேசான் வழக்குப் போட்டது. முதல் படித் தீர்ப்பு வருவதற்கே 2025 மார்ச் ஆகிவிட்டது.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008-இல் ஒரு சட்டம் போட்டார்கள். முக அடையாளம், கைரேகை போன்றவற்றை அனுமதியில்லாமல் எடுத்தால், பாதிக்கப்பட்டவரே நேராக வழக்குப் போட்டு, 1,000 முதல் 5,000 டாலர் வரை கேட்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் பேஸ்புக் 65 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2021-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. உரிமை கோரியவர்களுக்குத் தலைக்கு 300 டாலருக்கு மேல் கையில் கிடைத்தது. அதே 2021 நவம்பரில் புகைப்படத்தில் முகத்தைக் கண்டறியும் ஏற்பாட்டையே மூடுவதாக பேஸ்புக் அறிவித்தது. 500 கோடி அபராதத்தைவிடத் தொகை எத்தனையோ குறைவு. ஆனால் ஒவ்வொரு தலைக்கும் விலை உண்டு என்று ஆனவுடன் கணக்கு மாறிவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டு கழித்து 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது.

இந்தச் சட்டத்தில் அபராதம் விற்றுமுதலைப் பொறுத்தது அல்ல. 2019-இல் கொண்டுவந்த மசோதாவில் நூற்றுக்கு நான்கு என்ற கணக்கு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். விவரங்களைப் பத்திரமாக வைக்கத் தவறினால் அதிகபட்சம் 250 கோடி ரூபாய். சம்மதமில்லாமல் பயன்படுத்துவது போன்ற மீறல்களுக்கு அதிகபட்சம் 50 கோடி. 2024-இல் மெட்டாவின் வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அந்தக் கணக்கில் 50 கோடி ரூபாய் என்பது அவர்களுக்கு இருபது நிமிட வரவு. 250 கோடி என்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மீறியவர் அடைந்த லாபத்தையும் கவனிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் மேல் வரம்பைக் கட்டிப் போட்டுவிட்டு லாபத்தைக் கவனித்து என்ன பயன்? பிரிட்டன் கைவிட்ட பழைய கல்லை நாம் புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. வசூலாகும் அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு ஒரு பைசா இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இடம் தந்த 43-ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. திருடு போனது ஒருவருடைய பொருள், ஈடு வாங்குவது வேறொருவர் என்றால் அது என்ன நியாயம்?

என் கருத்து மூன்று. அபராதம் விற்றுமுதலைப் பொறுத்து இருக்க வேண்டும். பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் ஒரே விதமாக வலிக்க வேண்டும். மீறலால் வந்த லாபத்தை முதலில் பறிமுதல் செய்துவிட்டு, அதற்கு மேல் அபராதம் போட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு கிடைக்க வேண்டும். இவை இல்லாத அபராதம், தவறு செய்வதற்குக் கட்டும் அனுமதிக் கட்டணமே. கட்ட வசதி உள்ளவர் கட்டிவிட்டுத் தொடர்ந்து செய்வார். ஆன்லைன் வியாபாரத்தில் நம்மோடு மோதுகிறவர்களின் பலமே வாடிக்கையாளர் விவரம்தான் என்பதால், இது நம் பிழைப்புக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதைக் கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமென்றால் நம் கல்லாப்பெட்டியும் சுத்தமாக இருக்க வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் போன் நம்பர் சேர்ந்தால் இந்தச் சட்டம் நமக்கும் பொருந்தும். போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாதென்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை அறிவுறுத்தியிருக்கிறது. தேவையில்லாத நம்பரைக் கேட்காதீர்கள்; வாங்கிய நம்பரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு கடன் பாக்கி என்பதை அடுத்த வீட்டாரிடம் சொல்லாத கடைக்காரரைத்தான் தெரு நம்பியது. அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த வழக்கத்தை நாம் கைவிடாமல் இருந்தால், பெரிய நிறுவனங்களிடமும் அதையே கேட்கும்படி அரசிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம்.