லெதர் சீட்டுக்கு பாலிஷ், டயருக்கு பட்டை நாமம்!

எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா இருக்கிறார். பெயர் வேண்டாம், அப்புறம் தீபாவளிக்கு அவர் வீட்டுப் பக்கம் போக முடியாது. 2023ல் அவர் ஒரு கார் வாங்கினார். சாதா கார் இல்லை மக்கா, ஜெர்மன் செடான். 2012 மாடல். புதுசில் ஷோரூமில் ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. மாமா கொடுத்தது ஒன்பது லட்சம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் தப்பு கம்பெனி மேல் இல்லை.

வண்டி வந்த அன்று வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் சரியாக நசுங்குகிறதா என்று பத்துப் பேர் குனிந்து டயரையே பார்த்துக் கொண்டிருந்தோம். அந்த டயரின் பக்கவாட்டில் சின்னதாக நாலு இலக்கம் இருந்தது. ஒருத்தர் கூட அதைப் படிக்கவில்லை. மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டு திரியும் நானும்தான்.

2024 மே மாதம், திருச்சியிலிருந்து சென்னைக்கு அந்தக் காரில் ஐந்து பேர் வந்தோம். திண்டிவனம் தாண்டி, மத்தியானம் இரண்டு மணி வெயில், நூறு கிலோமீட்டர் வேகம். பின்பக்க இடது டயர் வெடித்தது. துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். வண்டியின் பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டி இடது பக்கமாக இழுத்துக் கொண்டு போனது. அந்த இடது பக்கத்தில் ஒரு பைக். அப்பா, அம்மா, டேங்க் மேல் ஒரு சின்னப் பையன். ஒரு கார் நீளம்தான் இடைவெளி. மாமா பிரேக்கை அழுத்தாமல் ஸ்டியரிங்கை மட்டும் கெட்டியாகப் பிடித்ததால் பிழைத்தோம். அவர்களும் பிழைத்தார்கள். பைக் நிற்கக்கூட இல்லை, என்ன நடந்தது என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கீழே இறங்கியதும் மாமா சொன்ன முதல் வாக்கியம்: "பட்டன் நல்லாத்தானேடா இருந்துச்சு?"

இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

கிழிந்து தொங்கிய டயரில் அந்த நாலு இலக்கத்தை அன்றைக்குத்தான் படித்தேன். 2116. அதாவது 2016ஆம் வருடம் 21ஆவது வாரம் செய்தது. எட்டு வருடப் பழசு. முந்தைய ஓனர் வண்டியை அதிகம் ஓட்டாமல் வெயிலில் நிறுத்தியே வைத்திருந்ததால் பட்டன் தேயவில்லை. ரப்பர் செத்துப் போயிருந்தது.

பட்டன் என்பது டயர் எவ்வளவு ஓடியது என்பதற்குக் கணக்கு. எவ்வளவு நாள் இருந்தது என்பதற்கு அல்ல. காற்றில் இருக்கும் ஆக்சிஜன், ஓசோன், வெயில், சூடு எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கும். உள்ளே இரும்புக் கம்பி பெல்ட்டையும் ரப்பரையும் பிடித்து வைத்திருக்கும் ஒட்டு தளரும். வெளியே இருந்து பார்த்தால் சின்னச் சின்ன வெடிப்பு தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதனால்தான் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரி கம்பெனிகள் பட்டன் எப்படி இருந்தாலும் ஆறு வருடத்தில் டயரை மாற்று என்கின்றன. டயர் கம்பெனிகளில் தாராளமாகப் பேசும் மிஷ்லின்கூட ஐந்து வருடத்துக்கு அப்புறம் வருடா வருடம் காட்டு, பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் தூக்கிப் போடு என்கிறது.

இது வியாபார தந்திரம், புது டயர் விற்கத்தான் சொல்கிறார்கள் என்பவர்களுக்கு ஒரு விஷயம். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு இசை விழா முடிந்து இளைஞர்கள் திரும்பிக் கொண்டிருந்த பஸ் மரத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். முன் டயர் வெடித்ததுதான் காரணம். அந்த டயரில் சட்டம் கேட்கும் அளவுக்குப் பட்டன் இருந்தது. வயது பத்தொன்பதுக்கு மேல்! மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா வருடக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரியில்தான் அங்கே லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயருக்குத் தடை வந்தது. மூன்று உயிருக்கு அப்புறம், எட்டு வருடம் கழித்து.

'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' பால் வாக்கர் 2013ல் இறந்தது எல்லோருக்கும் தெரியும். காரணம் அதிவேகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த போர்ஷேயின் டயர்கள் ஒன்பது வருடப் பழசு என்பதையும் விசாரணையில் குறித்து வைத்தார்கள். கோடிக்கணக்கில் விலை போகும் வண்டிக்கே இந்தக் கதி.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம் மோட்டார் வாகன விதியில் காருக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. வயதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சொந்தக் காருக்கு பதினைந்து வருடம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் எஃப்.சி. அதுவரை ஆர்.டி.ஓ. உங்கள் டயரைக் குனிந்து பார்க்கப் போவதில்லை. அப்போது பார்க்க வேண்டிய ஆள் யார்? ஓனர். ஓனர் என்ன செய்கிறார்? லெதர் சீட்டுக்கு பாலிஷ் போடுகிறார்.

மாமாவோடு இரண்டு மூன்று முறை அவருடைய 'ஓனர்' நண்பர்கள் கூடும் இடத்துக்குப் போயிருக்கிறேன். ஈ.சி.ஆர். டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லாம் பத்து, பன்னிரண்டு வருட ஜெர்மன் வண்டிகள். நல்ல மனிதர்கள், தங்கமான பேச்சு. ஆனால் டயர், ரிப்பேர் என்று வந்தால் அங்கே அடிபடும் வசனங்கள் இருக்கிறதே...

"நாம என்ன ஜெர்மனி ஆட்டோபான்லயா ஓட்டறோம்? நம்ம ஊர் ஸ்பீடுக்கு இந்த டயர் போதும்." கம்பெனி போட்டது 225/50 ஆர்17 94டபிள்யூ என்று வைத்துக் கொள்ளுங்கள். டபிள்யூ என்றால் 270 கி.மீ. வேகம் தாங்கும், ஹெச் என்றால் 210. நாம் 210ல் போகப் போவதில்லை, ஒப்புக் கொள்கிறேன். ஆனால் அந்த எழுத்து எவ்வளவு சூட்டை டயர் தாங்கும் என்பதற்கும் அளவுகோல். தார் ரோடு கொதிக்கும் மே மாதத்தில், காற்றும் கம்மியாக இருந்தால், சூடு தானாகவே வரும். எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதே இல்லை. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 91 என்றால் 615. விலை குறைவு என்று 91 வாங்கினால், ஒவ்வொரு டயரிலும் 55 கிலோவைத் தள்ளுபடி செய்கிறீர்கள். காரின் எடை தள்ளுபடி ஆகவில்லையே?

"ரன்-ஃப்ளாட் டயர் கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடுது, சாதா டயருக்கு மாத்திட்டேன்." மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் ரன்-ஃப்ளாட்டோடு வந்த பல வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது. காற்று போனாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகலாம் என்ற தைரியத்தில் ஸ்டெப்னியை எடுத்தார்கள். நீங்கள் அந்தத் தைரியத்தையும் எடுத்து விட்டீர்கள். எங்கள் வண்டியும் இந்தக் கேஸ்தான். ரோட்டோரம் மூன்று மணி நேரம் நின்றோம், டிக்கியில் ஒரு பஞ்சர் கிட் கூட இல்லை. (வெடித்த டயருக்கு பஞ்சர் கிட் உதவாது என்பது வேறு விஷயம்.) இன்னும் சிலர் முன்னால் ரன்-ஃப்ளாட், பின்னால் சாதா என்று கலப்படம் செய்கிறார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற வேலை.

"இம்போர்ட்டட் செகண்ட் ஹேண்ட் டயர், பாதி விலை." வெளிநாட்டுக்காரன் வயதாகி விட்டது என்று கழற்றியதை, வயதைப் பார்க்காமல் நீங்கள் மாட்டுகிறீர்கள். கதவுக் கைப்பிடி, ஹெட்லைட், கண்ணாடி எல்லாம் புதுப்பேட்டையில் பழசு வாங்குங்கள், நான் கும்பிட்டு வரவேற்கிறேன். டயரையும் பிரேக்கையும் வாங்காதீர்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் ரிப்பேர் இரண்டு ஜாதி. ஒன்று உங்கள் பர்ஸை மட்டும் கடிக்கும். இன்னொன்று அடுத்தவனைக் கடிக்கும்.

கியர் ஆயிலை எடுத்துக் கொள்வோம். "லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்" என்பது டீக்கடையில் வேதவாக்கு. கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், இல்லாவிட்டால் 8 வருடத்தில், மாற்றச் சொல்கிறது. யாருடைய லைஃப் என்று கேட்டுக் கொள்ளுங்கள். நீங்கள் மாற்றாமல் விட்டால் கியர் பாக்ஸ் போகும், லட்சத்தில் பில் வரும். அது உங்கள் பணம், உங்கள் தலையெழுத்து. சன்ரூஃப் ஒழுகுகிறதா? ஏ.சி. போய்விட்டதா? குடையும் விசிறியும் வைத்துக் கொள்ளுங்கள். எனக்கென்ன வந்தது.

ஆனால் பிரேக் ஆயில் அப்படி இல்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க அது கொதிக்கும் சூடு குறைந்து கொண்டே வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடித்துக் கொண்டே இறங்கினால், ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்போது எதிரே ஏறி வருபவருக்கும் இந்தக் காருக்கும் என்ன சம்பந்தம்? சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட், பிரேக் டிஸ்க், டயர் எல்லாம் இந்த இரண்டாவது ஜாதி. இதில் சிக்கனம் பிடிப்பது சிக்கனம் இல்லை. செலவை அடுத்தவன் கணக்கில் எழுதுவது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஐம்பது லட்சம் ஒன்பது லட்சம் ஆனது காரின் விலை மட்டும்தான். அதன் எடை குறையவில்லை. ஒரு ஆல்ட்டோ சுமார் 750 கிலோ, இந்தப் பெரிய செடான்கள் 1,600 கிலோவுக்கு மேல். அதன் வேகம் குறையவில்லை. பார்ட்ஸ் விலையும் குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நாலு மடங்கு என்று ப்ளஸ் ஒன்னிலேயே படித்தோம். அத்தனை ஆற்றலும் ரோட்டில் ஒட்டிக் கொண்டிருப்பது உள்ளங்கை அளவு நாலே நாலு ரப்பர் துண்டில். அதன் மேல்தான் மாமா சிக்கனம் பிடித்தார்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். "காசிருக்கறவன் புதுசு வாங்கறான், நாங்க ஆசைப்படக் கூடாதா? நான் சின்ன வயசுல சைக்கிளுக்கு ஏங்கினவன்டா" என்றார். எனக்குத் தொண்டையை அடைத்தது. நியாயமான கேள்வி. ஆசைப்படலாம் மாமா. இன்னும் சொல்லப் போனால், பத்து வருடத்தில் காரை வீசிவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறவனைவிட, பழையதைச் சரி செய்து ஓட்டுகிறவன்தான் எனக்கு ஹீரோ. ஆனால் சரி செய்து ஓட்ட வேண்டும். அந்த பைக்கில் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த பையன் உங்கள் ஆசைக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை.

ஆகவே பழைய சொகுசு கார் வாங்கத் துடிக்கும் அண்ணன்மார்களே, ஒன்பது லட்சம் கையில் இருந்தால் ஏழரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மிச்சத்தில் முதல் மாதமே நாலு புது டயர், பிரேக் ஆயில், பிரேக் பேட், சஸ்பென்ஷன் செக்கப், அலைன்மென்ட். அதற்கப்புறம் பாலிஷ். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால், புதுசைப் பின்னால் போடுங்கள், முன்னால் அல்ல. பின்பக்கம் வழுக்கினால் சாதாரண ஆளால் வண்டியைப் பிடிக்க முடியாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் இருக்கும் காற்று அளவை மாதம் ஒருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். இதுக்கெல்லாம் காசு இல்லை என்றால் அந்த வண்டியை வாங்கவும் காசு இல்லை என்று அர்த்தம். நல்ல ஸ்விஃப்ட் ஒன்று வாங்கி நிம்மதியாக ஓட்டுங்கள். அதில் ஒரு கேவலமும் இல்லை.

மாமா இப்போது நாலு டயரும் மாற்றி விட்டார். என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. போன வாரம் அவரே போன் செய்தார். "டேய், உங்கப்பா வண்டி டயர்ல என்ன நம்பர்னு பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். 3417.

இந்த ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்குப் போகிறோம். நீங்களும் ஒருமுறை குனிந்து பார்த்து விடுங்களேன்.