வங்கியின் மௌனம் வாடிக்கையாளரின் சம்மதம் ஆகாது

காசோலைத் தாளை வங்கிக்கு வங்கி சுமந்து செல்லாமல், அதன் மின்னணுப் படத்தையும் விவரங்களையும் மட்டும் அனுப்பித் தீர்வு காணும் சி.டி.எஸ். முறை 2008இல் புதுதில்லியிலும் 2011இல் சென்னையிலும் அறிமுகமானது. அதன் அடுத்த படியாக, தொகுதி தொகுதியாகக் காசோலைகளைத் தீர்க்கும் வழக்கத்தைக் கைவிட்டு, குறிப்பிட்ட பகல் நேரத்துக்குள் (தொடக்கத்தில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை) வருபவற்றை உடனுக்குடன் அனுப்பும் தொடர் தீர்வு முறையை 2025 அக்டோபர் 4 முதல் இந்திய ரிசர்வ் வங்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தீர்வு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், வழக்கமான பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பணத்தைப் பெறுபவருக்கு விடுவிக்க வேண்டும் என்னும் விதி, விற்ற சரக்கின் தொகைக்காக நாள்கணக்கில் காத்திருந்த சிறுவணிகருக்கு மெய்யான ஆறுதலாகும்.

ஆயினும், காசோலை எழுதியவரின் பாதுகாப்பு இந்த வேகத்துக்கு ஈடாக வளரவில்லை. பணம் தர வேண்டிய வங்கி, அன்று மாலை 7 மணிக்குள் ஏற்பையோ மறுப்பையோ தெரிவிக்காவிட்டால், அக்காசோலை ஏற்கப்பட்டதாகவே கருதப்பட்டுத் தீர்வில் சேர்க்கப்படும். தாளின் நீர்க்குறியையும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் அடையாளத்தையும் தாளைக் கையில் வைத்திருக்கும் வங்கியே பார்க்க முடியும். மாதிரிக் கையெழுத்தோ, திரையில் படத்தை மட்டும் காணும் மற்ற வங்கியிடம் இருக்கிறது. இவ்வாறு இரண்டாகப் பிரிந்துள்ள சரிபார்ப்பில் ஒரு பாதி நடைபெறாமலே பணம் கைமாற விதியே இடமளிப்பது முறையன்று.

ரூ.50,000க்கும் அதற்கு மேலும் எழுதப்படும் காசோலைகளின் விவரங்களை வாடிக்கையாளர் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் ‘பாசிட்டிவ் பே’ ஏற்பாடு பயனுள்ளதே. ஆனால், அதில் பதிவான காசோலைகள் மட்டுமே சி.டி.எஸ். தகராறுத் தீர்வு ஏற்பாட்டில் ஏற்கப்படும் என்பதால், இணைய வங்கிச் சேவைக்குப் பழகாத முதியோரும் சிறு தொகை எழுதுவோரும் அந்த அரணுக்கு வெளியே நிற்கின்றனர். போலிக் கையெழுத்துக்குப் பணம் தரும் அதிகாரம் வங்கிக்கு இல்லை என்று கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் 1987இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ள நிலையில், வங்கியின் மௌனத்தால் நேரும் இழப்பை வாடிக்கையாளர் மீது சுமத்த எந்த நியாயமும் இல்லை.

ஆகவே, காசோலையின் படம் வந்தவுடனே, கணக்கில் பற்று வைப்பதற்கு முன்பாகவே, எழுதியவருக்குக் குறுஞ்செய்தி செல்வதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். இது மோசடியைத் தடுப்பதோடு, இருப்பு குறைந்திருப்பதை அறியாத நேர்மையானவர், காசோலை பணமின்றித் திரும்பினால் ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழிவகுக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின் கீழ் வழக்கில் சிக்காமல் காக்கவும் உதவும். மேலும், சரிபார்க்கப்படாமல் ஏற்கப்பட்டதாகக் கருதப்பட்ட காசோலை போலியெனப் புகார் எழுந்தால், தொகையை முதலில் கணக்கில் திரும்ப வரவு வைத்துவிட்டு, அதன் பின்னரே வங்கிகள் தமக்குள் பொறுப்பைத் தீர்த்துக்கொள்ளும் வகையில் விதி திருத்தப்பட வேண்டும்.