மறதியை இரத்தத்தில் காண முடியுமா?

மலேரியாக் காய்ச்சல் என்று ஐயம் எழுந்தால் என்ன செய்கிறார்கள்? விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நோய்க் கிருமியே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால், காலையில் சாப்பிட்டதைப் பிற்பகலில் மறந்துவிடும் தாத்தாவின் நோய் எங்கே இருக்கிறது? மண்டையோட்டுக்குள், மூளையின் நரம்பணுக்களில் அல்லவா? அதையும் கையில் எடுத்த இரத்தத்தைக் கொண்டு கண்டறியலாம் என்று இன்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ளாமல் அதன்பின் ஓடினால், நன்மையைவிடக் குழப்பமே மிகும் என்பது என் கருத்து.

என் பெரியப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் நின்றுவிட்டார். "வயசானால் அப்படித்தான்" என்றார்கள் வீட்டில். நானும் அப்படித்தான் நினைத்தேன். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. பெரியம்மாவின் பெயரே அவருக்கு மறந்திருந்தது. வயது மட்டும் இப்படிச் செய்வதில்லை. டிமென்ஷியா என்பது பல நோய்களால் வரும் நிலைக்குப் பொதுப் பெயர். அந்நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 இலட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், நினைவு தடுமாறிய 51 வயதுப் பெண்மணி ஒருவரைச் சந்தித்தார். 1906இல் அப்பெண்மணி இறந்த பிறகு அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே சிக்கலான நூல் முடிச்சுகள்! படிவுகள் அமிலாய்டு என்ற புரதத்தாலும், முடிச்சுகள் டௌ என்ற புரதத்தாலும் ஆனவை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. நெடுங்காலம் இந்நோயை உறுதி செய்ய நோயாளி இறந்தாக வேண்டும் என்ற நிலைதான் இருந்தது. பின்னர் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி எடுக்கும் நீரிலும், பெட் ஸ்கேன் படத்திலும் இவற்றைக் காணும் வழிகள் வந்தன. முன்னதற்கு அஞ்சுவோர் பலர். பின்னதற்குச் செலவு மிக அதிகம்.

இரத்தத்தில் தேடுவது ஏன் இத்தனை காலம் கைகூடவில்லை? டௌ புரதத்தின் நீண்ட வடிவம் 441 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. அல்சைமர் நோயில் அந்த மாலையின் 217ஆவது மணியில் பாஸ்பேட் ஒட்டிய டௌ மிகுதியாகிறது. அதில் கொஞ்சம் இரத்தத்துக்கும் கசிகிறது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒரு பிகோகிராம், பலருக்கு அதைவிடவும் குறைவு. 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒரு இலட்சத்தை வரிசையாக நிறுத்துங்கள். அத்தனை நீரிலும் ஒரே ஒரு கிராம் உப்பைக் கரையுங்கள். அந்தச் செறிவுதான் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பிகோகிராம்! புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளை, ஒரு குழிக்கு ஒரு மணியாக அடைத்து, ஒளிரும் குழிகளை எண்ணும் முறை 2010இல் அமெரிக்காவில் டேவிட் வால்ட் குழுவினரால் வெளியிடப்பட்டது. இத்தகைய நுட்பங்கள் வந்த பிறகே இந்த வேட்டை சாத்தியமாயிற்று.

சுவீடனில் 1,213 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. அல்சைமர் நோயா, இல்லையா என்பதைப் பொது மருத்துவர்கள் 100க்கு 61 முறை சரியாகச் சொன்னார்கள். மறதி நோய் வல்லுநர்கள் 73 முறை. இரத்தச் சோதனையோ சுமார் 90 முறை. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இவ்வகைச் சோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி அளித்தது. அதிலும் நிபந்தனை உண்டு: 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர், நோயின் அறிகுறி உள்ளவர், வல்லுநரின் கவனிப்பில் இருப்பவர்.

இந்த நிபந்தனை எதற்கு? வேண்டுமென்றவர் எல்லாரும் சோதித்துக்கொண்டால் என்ன? காகிதமும் பென்சிலும் எடுங்கள். நோயுள்ளவர், இல்லாதவர் இரு சாராரிடமும் 100க்கு 90 முறை சரியாகச் சொல்லும் சோதனை என்று வைத்துக்கொள்வோம். மறதி மருத்துவமனைக்கு வந்த 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருக்கிறது. 'உண்டு' என்ற முடிவு 450 பேருக்குச் சரியாகவும், 50 பேருக்குத் தவறாகவும் வரும். இப்போது குறை எதுவுமில்லாத 1,000 பேரைச் சோதிப்போம். அவர்களில் 20 பேருக்கே நோய் என்க. சரியான 'உண்டு' 18. தவறான 'உண்டு' எத்தனை? மீதி 980 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 98! அச்சத்துடன் வீடு திரும்பும் 116 பேரில் 98 பேருக்கு நோயே இல்லை. சோதனை மாறவில்லை, சாயம் மாறவில்லை. சோதிக்கப்பட்ட கூட்டம்தான் மாறியது. முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இதையும் ஒன்றாகச் சேர்த்து விற்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அமிலாய்டு படிந்தும் கடைசிவரை தெளிந்த நினைவோடு வாழ்ந்து மறைபவர்களும் உண்டு என்பதை இக்கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

இன்னொன்று. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் இரத்தத்தில் இந்த டௌ அளவு, மூளை நோய் இல்லாமலே உயர்ந்து காணப்படும். (பிறந்த குழந்தையின் இரத்தத்திலும் இது மிகுதி! குழந்தைக்கு மறதி நோயா என்ன?) எந்த அளவுக்கு மேல் நோய் என்ற எல்லைக் கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களை வைத்தே வரையப்பட்டவை. நீரிழிவும் அதனால் வரும் சிறுநீரகக் கோளாறும் மலிந்த நம் நாட்டில் அவற்றை அப்படியே ஏற்கலாகாது. நம் மக்களிடம் சரிபார்த்த பிறகே கொள்ள வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வைட்டமின் பி12 குறைந்தாலும் நினைவு மங்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மங்கும். இரண்டையும் மருந்தால் சரிசெய்யலாம். இரண்டுக்கும் எளிய இரத்தச் சோதனைகள் பல ஆண்டுகளாகவே நம் ஊர்ச் சோதனைக்கூடங்களில் கிடைக்கின்றன. பெரியப்பாவுக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் அவற்றைக்கூடச் செய்து பார்க்கவில்லை.